3,500 உறைகளும் ஒரு காரும்

ரெக்கார்டு போட்டுக் கேட்ட நம் வயதுக்காரர்களுக்கு 45 சுற்று இசைத்தட்டை விளக்கத் தேவையில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாங்கள் அதைக் 'கராந்த் சேங்க் தூர்' என்போம். பிரான்சிலிருந்து வந்த தட்டுகளில் பெரும்பாலும் நான்கு பாட்டு இருக்கும். நம் சினிமா ஈ.பி.க்களிலும் அப்படித்தான். அமெரிக்கர்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படி 1960-இல் வந்த ஒரு தட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாடியவர் லொரெட்டா லின். கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். பதினைந்து வயதில் கல்யாணம். கணவரோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய், நான்கு பிள்ளைகளையும் பெற்ற பிறகுதான் பாட்டு வந்தது. கணவர் பதினேழு டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். அம்மையார் தானே வாசிக்கக் கற்று, தானே எழுதி, அக்கம்பக்கத்து மதுக்கடைகளில் பாடினார். அங்கே 'கண்ட்ரி' என்று சொல்லும் நாட்டுப்புறத்துச் சாயல் பாட்டு. வான்கூவரைச் சேர்ந்த மர வியாபாரி ஒருவர் பாட்டில் மயங்கிப் பணம் போட்டார். ஹாலிவுட்டில் பதிவு நடந்தது. கம்பெனியின் பெயர் 'ஜீரோ'. பாட்டு, 'ஐயாம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்'.

பணக்காரர் கைதூக்கிவிட்டார், அதிர்ஷ்டம் அடித்தது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. தட்டு அச்சாகி வந்ததும் அந்தப் பணம் செய்யக்கூடியது முடிந்துவிட்டது. பிரெஞ்சில் ஒரு தட்டு 'வெளியே போகிறது' என்பார்கள். தானாகவா போகும்?

இங்கேதான் என் குமாஸ்தா மனம் விழித்துக்கொள்கிறது. கணவனும் மனைவியும் வானொலி நிலையங்களின் முகவரிகளைச் சேகரித்தார்கள். ஒவ்வோர் உறையிலும் ஒரு தட்டு, கணவர் எடுத்த ஒரு போட்டோ. சுமார் 3,500 பிரதிகள் தபாலில் போயின. டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அத்தனை உறைக்கு விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டுவது எத்தனை நாள் வேலை என்று. அதோடு விடவில்லை. காரிலேயே படுத்து, ரொட்டியைத் தின்று, ஊர் ஊராக வானொலி நிலையத்து வாசலில் போய் நின்றார்கள். உள்ளே விட்டால் அம்மையார் அறிவிப்பாளரிடம் பேசுவார். அவர்கள் தட்டைக் கண்ணெதிரில் போடும்வரை நகரமாட்டார்.

தட்டு ஒலிபரப்ப அறிவிப்பாளர்கள் கைநீட்டிக் காசு வாங்கிய விவகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்ததும் அதே 1960-இல்தான். காசு கொடுக்க இவர்களிடம் என்ன இருந்தது?

அந்தக் கோடையில் பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கண்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம்வரை ஏறியது. அக்டோபர் 15 அன்று நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' மேடையில் முதல்முறையாகப் பாடினார்.

கணவரை என்ன சொல்வது என்பதில்தான் சண்டை வரும். குடிப்பவர், வேறு பெண்களிடம் போனவர். இதை லொரெட்டாவே சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதனால் அவர் பெயரையே அடித்துவிட வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர் இல்லாவிட்டால் லொரெட்டாவே இல்லை என்று அவரைத் தூக்கி வைப்பவர்களும் உண்டு. இரண்டும் கணக்கைக் குழப்புகிற வேலை. உறை ஒட்டியது வரவுப் பக்கம், வீட்டில் செய்தது பற்றுப் பக்கம். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்யக் கூடாது. பாட்டு எழுதியதும் பாடியதும் மட்டும் இருவருக்கும் பொதுவான கணக்கல்ல. அது முழுக்க அந்த அம்மாளுடையது.

நம் பக்கத்திலும் வெளியீட்டு விழா பார்க்கிறோம். பொன்னாடை, மாலை, குறுந்தகட்டின் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் பிரமுகர், சமோசா. மறுநாள் மீதிப் பெட்டி கட்டிலுக்கு அடியில். பாடியவரிடம் கேட்டால் ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்பார். எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் ஐயா என்று கேட்க வாய் வரும், மரியாதைக்காக அடக்கிக்கொள்வேன்.

2022 அக்டோபரில், தொண்ணூறு வயதில் லொரெட்டா காலமானார். முதல் தட்டின் மறுபக்கத்தில் இருந்த 'விஸ்பரிங் ஸீ' என்ற பாட்டும் அவர் எழுதியதுதான். அதிகம் பேர் கேட்டதில்லை. என் காதுக்கு அதுதான் பிடிக்கிறது.