பிரேக்கைத் தொடாமலே குலுங்கும் கார்

சென்ற வாரம் கண் சிகிச்சை முடிந்து என் தாயாரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தோம். காரை ஓட்டியவன் என் தம்பி மகன். லைஸென்ஸ் பெற்று இரண்டு மாதமே ஆன பிள்ளை. கடைத்தெருக் கூட்டத்தைக் கண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து அவன் காலை எடுத்த போதெல்லாம், வண்டி 'டக்'கென்று தயங்கி எங்களை முன்னும் பின்னும் ஆட்டி வைத்தது. கண்ணில் கட்டுடன் இருந்த தாயார், "மாட்டு வண்டியே தேவலையடா, குழந்தை!" என்றார்.

"பிரேக்கை நான் தொடவே இல்லை, பாட்டி!" என்றான் பையன்.

அவன் சொன்னது உண்மைதான். பிரேக் போட்டது எஞ்சின். பெட்ரோல் காரில் காலை எடுத்தவுடன் எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழி ஏறக்குறைய மூடிக் கொள்கிறது. இக்காலத்துக் கார்களில், வண்டி ஓடிக் கொண்டிருக்கையில் காலை முழுதும் எடுத்தால், பெட்ரோலும் நின்று விடும். அதுவரை சக்கரங்களைச் சுழற்றிய எஞ்சினை இப்போது சக்கரங்கள் சுழற்ற வேண்டியதாகிறது. எஜமானன் வேலைக்காரனான கதை!

கியர்ப் பற்களுக்கு இடையே சிறிது இடைவெளி உண்டு. எண்ணெய் பரவ அது அவசியம். ஒரு பக்கமாக அழுத்திக் கொண்டிருந்த பற்கள் அந்த இடைவெளியைத் தாண்டி மறுபக்கம் மோதுகின்றன. ரயில் எஞ்சின் வேகம் குறைந்ததும் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கொள்வதைப் போலத்தான். அதுவரை சற்றே முறுக்கேறியிருந்த அச்சுத் தண்டுகள், எஃகேயானாலும், வில்லைப் போல எதிர்ப்பக்கம் முறுக்கிக் கொள்கின்றன. ரப்பர்த் தாங்கிகளின் மேல் எஞ்சினும் ஆடுகிறது.

முதல் கியரில் இது மிக அதிகம். அதில் எஞ்சினின் முறுக்கு விசை சக்கரத்துக்குப் போகையில் சுமார் 14 மடங்காகிறது. ஐந்தாவது கியரில் 3 மடங்குதான். குலுக்கலும் அவ்விதமே பெருகுகிறது. போதாக்குறைக்கு, ஓட்டுகிறவனும் முன்னால் சாய, அவன் கால் ஆக்ஸிலரேட்டரை மறுபடி அழுத்துகிறது, வண்டி பாய்கிறது, அவன் பின்னால் சாய, கால் மேலே வருகிறது. குற்றவாளி யார் என்றே தெரியாமல் போய் விடும்!

பையனைக் குதிகாலைத் தரையில் ஊன்றச் சொன்னேன். காலை மெதுவாக எடுக்கவும், கூடிய மட்டும் இரண்டாவது கியரில் போகவும், ஊர்ந்து செல்லும்போது கிளச்சை அழுத்தவும் சொன்னேன். அப்படியும் குலுங்கினால் ரப்பர்த் தாங்கிகள் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எங்கள் வண்டிக்கு அது தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். பேரனே ஓட்டலாம் என்று தாயார் சம்மதித்திருக்கிறார், பக்கத்து ஆசனத்தில் நான் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையுடன்.