குற்றாலமும் கூச்சமும்

ஆனி பிறந்து, மேற்கு மலையில் மேகம் கவிந்து, சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமையில் உள்ளவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகக் குடும்பம் குடும்பமாகக் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்தச் சமயத்தில், அருவிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு சகோதரியின் கடிதம் நமக்கு ஆய்க்குடியிலிருந்து வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு பேரருவியில் குளித்துவிட்டு ஈரப்புடவை மாற்றும்போது, நாத்தனார் முறையுள்ள ஒரு பெண், "மதினி, இதென்ன, உங்க தொடை நார்த்தங்காய்த் தோல் மாதிரி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாளாம். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனால் கடிதம் எழுதியவருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. மறுவாரமே விடியற்காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்தார். பலகாரத்தைக் குறைத்தார். சில மாதங்களில் ஆறு கிலோ எடை இறங்கியது. இடுப்பில் சேலை தளர்ந்தது. மாடிப்படி ஏறினால் வாங்கும் மூச்சும் நின்றது. தொடையில் உள்ள குழிகள் மட்டும் போகவில்லை. கைபேசியில் கண்ட விளம்பரத்தை நம்பி ஒரு களிம்பு வாங்கிப் பூசியும் பயனில்லை. "நடந்ததெல்லாம் வீண்தானா? இனி நடப்பதை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இது அற்ப விஷயம் என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தவறான பதில் கிடைத்தால் ஒரு ஸ்திரீ நல்ல பழக்கம் ஒன்றைக் கைவிட்டுவிடுவார். ஆகவே விவரமாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுவோம். இக்குழிகளுக்கு இக்காலத்து விளம்பரங்கள் இட்டிருக்கும் பெயர் 'செல்லுலைட்' என்பது. பிரெஞ்சு தேசத்தில் பிறந்த சொல் இது. அந்நாட்டார் 'ஆரஞ்சுத் தோல்' என்றும் சொல்லுவர். நம் ஊர்ப் பெண் நார்த்தங்காயைக் கண்ட இடத்தில் அவர்கள் ஆரஞ்சைக் கண்டார்கள். 1920-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சு வைத்தியர்கள் இதைப் பற்றி எழுதினர். பிறகு அது அழகு நிலையங்களின் சொல்லாயிற்று. 1968-இல் 'வோக்' என்ற பெண்கள் பத்திரிகையின் மூலம் அமெரிக்காவுக்குப் போயிற்று. 1973-இல் நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய ஓர் அம்மையார் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்ட பின், லட்சக்கணக்கான பெண்கள் தங்களுக்கு ஒரு 'குறை' இருப்பதாகத் தெரிந்துகொண்டார்கள்.

குழி அதற்கு முன்னும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ரூபன்ஸ் என்ற ஓவியர் தீட்டிய தேவதைகளின் தொடைகளில் அதைத் தெளிவாகக் காணலாம். அவர் அதை மறைக்க முயலவில்லை. அழகின் ஒரு பகுதியாகவே தீட்டினார். தென்காசி விசுவநாதர் கோயில் மண்டபத்தில் நிற்கும் ரதி தேவியின் சிலையில் அது இல்லையென்றால், அதற்குக் காரணம் அவள் கல்லால் ஆனவள் என்பதே.

இனி, இது என்னவென்று பார்ப்போம். இலவம்பஞ்சு மெத்தையை நேயர்கள் எல்லோரும் அறிவர். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்க, மேலிருந்து கீழாக நூல் கோத்து ஆங்காங்கே முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சு விழுந்த இடம் குழியும். இடைப்பட்ட இடத்தில் பஞ்சு புடைக்கும். நம் தோலின் அமைப்பும் ஏறக்குறைய இத்தகையதே. தோலுக்கு அடியில் கொழுப்பு. அதற்கும் அடியில் தசை. தோலையும் உள்ளே உள்ள சவ்வையும் நார்கள் பிணைக்கின்றன. நார் கீழே இழுக்க, கொழுப்பு மேலே தள்ள, மேற்பரப்பில் குழியும் மேடும் தோன்றுகின்றன.

ஆடவர்க்கும் கொழுப்பு உண்டே, அவர்களுக்கு ஏன் இது அரிது? 1978-இல் இரண்டு ஜெர்மானிய நிபுணர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பெண்களின் தொடையில் இந்த நார்கள் பெரும்பாலும் தூண்களைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன; ஆண்களுக்கோ வலையைப்போல் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடுகின்றன; தோலும் தடித்திருக்கிறது. ஆகவே ஆணின் கொழுப்பு மேலே பிதுங்குவதில்லை. அந்நிபுணர்கள் தங்கள் கட்டுரைக்கு இட்ட தலைப்பிலேயே, இது இட்டுக்கட்டிய வியாதி என்று குறிப்பிட்டிருந்தார்கள். பருவமடைந்த பெண்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இது ஓரளவு இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கும் உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு உள்ளதை வியாதி என்றால், ஆரோக்கியம் என்பது யாருக்குத்தான் இருக்கும்?

எடை குறைந்தால் குழி மறையுமா? மெத்தையையே மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சைக் குறைத்தால் புடைப்புக் குறையும்; ஆனால் முடிச்சு அவிழ்வதில்லை. மேலுறை தளர்ந்துவிட்டால் சுருக்கம் முன்னிலும் அதிகமாகத் தெரியவும் கூடும். 2006-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதையே காட்டிற்று. எடை குறைத்த 29 பெண்களின் தொடைகளை முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். பொதுவில் குழிகள் குறைந்திருந்தன. தொடக்கத்தில் அதிக எடையும் ஆழ்ந்த குழிகளும் கொண்டு, நன்றாக எடை இறங்கியவர்களுக்குப் பலன் மிகுதி. முதலிலேயே எடை குறைவாக இருந்து, சிறிதளவே இறங்கி, தொடைக் கொழுப்பில் மாறுதல் இல்லாமல் தோல் மட்டும் தளர்ந்தவர்களுக்கோ நிலைமை சற்று மோசமாயிற்று. ஆகவே 'எடை குறைந்தால் போய்விடும்' என்பதும் மெய்யல்ல. 'ஒன்றும் ஆகாது' என்பதும் மெய்யல்ல. பலருக்குக் குறையும், எவருக்கும் அடியோடு போய்விடும் என்று வாக்களிக்க முடியாது.

தேகப்பயிற்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தொடைக்கென்றே பயிற்சி செய்தால் தொடைக் கொழுப்புக் கரையும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் வருஷக்கணக்காக ஒரே கையால் மட்டை வீசுகிறவர்கள். அவர்களுடைய இரு கைகளையும் 1971-இல் அளந்து பார்த்தபோது, ஆடும் கையில் தசை பெருத்திருந்தது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் கனமோ இரு கைகளிலும் ஒன்றே. எந்தத் தசை உழைத்தாலும், கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதைச் சரீரமே தீர்மானிக்கிறது. எனினும் உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது போன்ற பயிற்சிகளால் தொடைத் தசை திரண்டு உறுதிப்படும். தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் விரித்த மெத்தையைவிடப் பலகைமேல் விரித்த மெத்தை ஒழுங்காகத் தோன்றுவதைப் போல, மேலே உள்ள தோலும் சற்றுச் சமமாகத் தெரியும். பயிற்சியினால் தோலுக்குக் கிடைக்கக்கூடிய லாபம் இவ்வளவே.

களிம்புகளுக்கு இந்த அளவு லாபமும் இல்லை. அவற்றில் சேர்க்கும் காப்பிச் சத்து சிறிது நேரம் தோலை இறுகச் செய்யலாம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களின் கை வன்மை பிரசித்தமானது. அது உடல் அசதியைப் போக்கும், திசுக்களில் தேங்கிய நீரைச் சிறிது நகர்த்தும். தோல் சில மணி நேரம் வழுவழுப்பாகத் தோன்றும். ஆனால் நார் நாராகவே இருக்கும். நாரைக் கரைப்பதற்கென்று ஓர் ஊசி மருந்துக்கு 2020-இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது. ஊசி போட்ட இடத்தில் பெரிதாக இரத்தம் கன்றுவதும், தோலின் நிறம் நெடுநாள் மாறி நிற்பதும் கவலை தரவே, 2022 டிசம்பரில் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. தோலுக்கடியில் நாரை அறுத்துவிடும் சிகிச்சை ஒன்றும் உண்டு. சிலருக்குப் பலன் தருகிறது. அதற்குப் பணமும் வேண்டும், தேர்ந்த தோல் வைத்தியரும் வேண்டும். நோயில்லாத உடம்பில் கத்தி படுவது அவசியந்தானா என்பதைச் செய்துகொள்பவரே யோசிக்க வேண்டும். நம் நாட்டில் உடற்பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும், அடுத்த விளம்பரம் கண்ணில் படும்போது நேயர்கள் நினைவில் கொள்வார்களாக.

அப்படியானால் நம் சகோதரி நடந்தது வீணா? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமையும். தொடையிலும் பின்புறத்திலும் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாது; கொழுப்பைத் தன்னிடம் அடக்கி வைத்துக்கொண்டு இருதயத்துக்கு ஒருவகைப் பாதுகாப்பாகவே இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புத்தான் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழி திறக்கிறது. இந்தியர்களாகிய நமக்கு, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே அது வயிற்றில் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்று நம் நாட்டு நிபுணர்கள் 2009-இல் வரையறுத்தார்கள். நம் சகோதரிக்கு இடுப்புச் சேலை தளர்ந்தது, மூச்சு வாங்குவது நின்றது. கண்ணாடியில் தெரியாத இடத்தில் கிடைத்த ஜெயம் இது. தொடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் அதைக் கவனிக்கவில்லை.

தென்காசி வட்டாரத்துக் கிராமங்களில் எத்தனையோ பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை பீடி சுற்றுகிறார்கள். கைக்குத்தான் வேலை, காலுக்கு இல்லை. அவர்களுக்கெல்லாம் நாம் சொல்லக்கூடியது ஒன்றே: மணிக்கு ஒரு தரமாவது எழுந்து நடங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் சற்று வேகமான நடையும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறிய அளவு.

ஆய்க்குடியிலேயே இதற்கு நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன் என்ற அவ்வூர்க்காரர், 1975-இல் கடற்படை உத்தியோகத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் கல்வியும் தொழிற்பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அத்தகைய இடத்தில் பயிற்சியின் பலனைத் தோலைப் பார்த்து அளப்பதில்லை. சென்ற மாதம் தலை நிற்காத குழந்தை இந்த மாதம் தலையைத் தூக்குகிறதா, சாய்ந்து உட்கார்ந்தது தானே உட்காருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். தேகப்பயிற்சி எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல நம்மால் ஆகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'செல்லுலைட்டிஸ்' என்று பெயரில் மட்டும் இதை ஒத்த நோய் ஒன்று உண்டு. அது கிருமியால் வருவது. காலில் ஓரிடம் சிவந்து, சூடேறி, வீங்கி வலித்தாலோ, அத்துடன் காய்ச்சல் கண்டாலோ தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், தொட்டால் நோகும்படி இரு கால்களும் பெருத்து வந்தாலும் அப்படியே. வலியில்லாத சாதாரணக் குழிக்கு வைத்தியர் தேவையில்லை.

அந்நியத் துணி நம் தறிகளைக் கெடுத்தபோது அதை வேண்டாமென்று ஒதுக்கிய தேசம் இது. இப்போது அந்நியச் சொல் ஒன்று வந்து, நம் வீட்டுப் பெண்களை அருவிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இதையும் வாங்கத்தான் வேண்டுமென்று கட்டாயம் உண்டா?

ஆகவே, ஆய்க்குடிச் சகோதரிக்கு நம் பதில் இது: நடையை நிறுத்தாதீர்கள். களிம்பை நிறுத்திவிடுங்கள். தொடையை அளப்பதை விட்டு, மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து குறித்து வாருங்கள். சாரல் ஓய்வதற்குள் குற்றாலத்துக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு வாருங்கள். அந்த நாத்தனாரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் காலை நடைக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது பேர் கணக்கில் அவரும் அநேகமாகச் சேர்ந்தவரே!