மூக்கு இருக்க வாய் எதுக்கு?



செமஸ்டர் லீவு விட்டாச்சு. திருப்பனந்தாள்ல உங்க வீட்டுல அப்பா விடுற குறட்டையில தெருவே முழிச்சுக்குது. 'வயல்ல அலைஞ்ச களைப்பு'ன்னு அம்மா சொல்வாங்க. நம்பிட்டுத் தூங்கிடாதீங்க, கொஞ்சம் கவனிங்க. குறட்டை சட்டுனு நின்னு, பத்து செகண்டுக்கு மேல மூச்சே இல்லாம, அப்புறம் திணறி முழிக்கிறாரா? பகல்ல உட்கார்ந்த இடத்துல கண்ணசர்றாரா? அது 'ஸ்லீப் ஆப்னியா'வா இருக்கலாம். 2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தப்போ, டாக்டர்கள் சொன்ன காரணம் இதுதான்.

தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைச்சுக்குது. டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டு 'சீபேப்' மெஷின் கொடுப்பார். 1980-ல் சிட்னி டாக்டர் காலின் சல்லிவன் உருவாக்கினது. மூக்குல மாட்டுற மாஸ்க் வழியா அழுத்தத்தோட காத்து போய், பாதை மூடாம பார்த்துக்கும்.

சிக்கலே இனிமேதான். வருஷக்கணக்கா வாயைத் திறந்து தூங்கினவருக்கு, மூக்குல போற காத்து வாய் வழியா வெளியேறிடும். காலையில நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். 'இது நமக்கு ஒத்துவராது தம்பி'ம்பார். நாலாம் நாள் மெஷின் பரண் மேல! தப்பு மெஷின் மேல இல்லை. மூக்கு இன்னும் பழகலை, அவ்வளவுதான்.

அங்கேதான் உங்க வேலை. முதல்ல பகல்ல, டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் மாஸ்க்கை மாட்டி, வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்க. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துற 'ரேம்ப்' பட்டனைக் காட்டுங்க. காத்தை ஈரப்படுத்துற டப்பா இருந்தா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க, வறட்சி குறையும். அறுவடைத் தூசியில மூக்கு அடைச்சிருந்தா முதல்ல அதுக்கு வைத்தியம். அப்பவும் வாய் திறந்துக்கிட்டா, தாடையைத் தாங்குற பட்டையும் வாயையும் சேர்த்து மூடுற மாஸ்க்கும் இருக்கு. வாயில பிளாஸ்திரி ஒட்டுற வேலை மட்டும் டாக்டரைக் கேட்காம வேண்டவே வேண்டாம்!

மூச்சை மூக்கு வழியா ஆளப் பழகறது நம்ம ஊர்ப் பக்கத்துக்குப் புதுசா என்ன? காவிரிக்குத் தென்கரையில, திருவாவடுதுறையில இருந்து திருமந்திரம் பாடினவர்னு சொல்ற திருமூலர், அதுல பிராணாயாமத்துக்குன்னே ஒரு பகுதி வெச்சிருக்கார். அவர் சொன்ன மூச்சும் ஒரே ராத்திரியில வசப்படுறது இல்லை. அப்பாவுக்கும் சில வாரம் ஆகும். லீவு முடியறதுக்குள்ள பழக்கி விட்டுடுங்க, பாஸ்!