அங்காடி முற்றம் அனைவருக்கும் ஆகட்டும்

தமிழகத்தில் ஊருக்கு ஊர் பழைய பேருந்து நிலையங்களும் வாரச் சந்தைத் திடல்களும் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. வரைபடம் தயாரானதும் வணிகர் சங்கங்களின் கருத்தைக் கேட்பதும் உண்டு. அப்போது நம்மவர்கள் எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். கடைகள் எத்தனை வரும்? வண்டிகள் எத்தனை நிற்கும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் நாம் கேட்க வேண்டும். அந்த இடத்துக்கு யாரெல்லாம் வந்து போக முடியும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அறுபது வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல். இன்று அந்த விகிதம் இன்னும் கூடியிருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் ஆகியோரையும் சேர்த்துப் பாருங்கள். இவர்கள் வீட்டிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சாக்கடை மூடியைத் தாண்டி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நுழைந்து, மூன்று படி ஏறிக் கடைக்கு வருவது அவர்களால் ஆவதில்லை. வந்து போனவர் கணக்கில் இருப்பார். வராதவர் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கைபேசியில் சொன்னால் சரக்கு வீட்டு வாசலுக்கு வந்துவிடும் இந்நாளில், கடைவீதிக்கு வர இயலாதவரை நாம் இழந்தால் இழந்ததுதான்.

ஆகவே, புதிதாக அமையும் ஒவ்வோர் அங்காடி வளாகத்திலும் ஒரு பொது முற்றமும், எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் திடலும் வேண்டும். அவை நம் ஊர்க் கட்டட முறையைத் தழுவி அமைய வேண்டும் என்பதே நமது கருத்து.

முன்னோர் காட்டிய வழி

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் சுமையை அதில் இறக்கி இளைப்பாறலாம். பிறகு தாமே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். பிறர் துணையின்றி ஒருவர் தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ள வழி செய்வது எப்படி என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

திண்ணையும் அத்தகையதே. வெயிலில் நடந்து வந்தவருக்கு நிழலும் இருக்கையும் தந்தது. மதுரைப் புதுமண்டபத்தை நாம் அறிவோம். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய அந்தத் தூண் மண்டபத்தில், பிற்காலத்தில் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்தார்கள். அண்மையில்தான் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நிழல் உள்ள இடத்தில் ஆள் நிற்கும்; ஆள் நிற்கும் இடத்தில் வணிகம் நடக்கும்.

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்கில்லை. உயர்ந்த வாசற்படியும் செங்குத்தான கற்படியும் நம் கட்டடக் கலையில் உண்டு. எல்லோரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார முடிந்ததில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார் சமூகத்தவரும் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிழலையும் திண்ணையையும் கல் தளத்தையும் எடுத்துக்கொள்வோம். தடுத்து நிறுத்திய படிகளை விட்டுவிடுவோம்.

எப்படி அமைய வேண்டும்?

முதலாவது, படியுள்ள இடமெல்லாம் சாய்தளமும் இருக்க வேண்டும். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு தேவை. கண்துடைப்பாக இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும். இந்தச் சரிவு நமக்கும் ஆதாயமே. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிய தள்ளுவண்டி அதே வழியில் சிரமமின்றி ஏறும். சுமைப்பணித் தொழிலாளரின் முதுகும் தப்பும்.

இரண்டாவது, தூண்கள் தாங்கிய கூரை நிழலும், அதன் கீழே ஒன்றரை அடி உயரத் திண்ணைகளும். திண்ணைக்குத் திண்ணை இடையில் சக்கர நாற்காலி நிற்க இடம் விட்டால், அதில் வருபவரும் மற்றவர்களோடு வரிசையில் அமர்ந்து பேசலாம். தளம் வழுக்காத கல்லாக இருக்கட்டும். மழையில் பளபளப்பான கிரானைட் வழுக்கிவிடும். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்க, கோடும் புள்ளியும் புடைத்த மஞ்சள் ஓடுகள் பதிக்க வேண்டும். கோடு இருந்தால் நடக்கலாம். புள்ளி இருந்தால் நிற்க வேண்டும்.

மூன்றாவது, குழந்தைகளின் திடல். கோயில் மண்டபங்களின் தரையில் ஆடுபுலி ஆட்டக் கோடுகளும் பல்லாங்குழியும் செதுக்கியிருப்பதைப் பார்க்கிறோம். அவற்றையே முழங்கால் உள்ளே நுழையும் கல்மேசையில் செதுக்கினால், சக்கர நாற்காலியில் வரும் சிறுவனும் எதிரே நிற்கும் சிறுமியும் சமமாக ஆடலாம். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் போலத் தட்டினால் ஒலிக்கும் தண்டுகளை நட்டால், பார்வையற்ற குழந்தைக்கு அது தனி மகிழ்ச்சி. முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் உள்ள ஊஞ்சல், நாற்காலியோடு ஏறும்படி தரைமட்டத்தில் சுழலும் இராட்டினம், உயர்த்திக் கட்டிய மணல் தொட்டி ஆகியவை வேண்டும். கூச்சலைத் தாங்க முடியாத குழந்தைகளுக்கு ஓர் ஓரத்தில் அமைதியான இடமும் வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென்று தனி வேலி போட்டு ஒதுக்குவது இந்த நோக்கத்தையே கெடுத்துவிடும்.

வணிகரின் அச்சம்

'காருக்கு இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்' என்பது நம்மவர் வாதம். சென்னை தியாகராய நகரில் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்னும் பாண்டி பஜாரில், 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோதும் இந்த அச்சம் எழுந்தது. வண்டிகளுக்கான அகலத்தைக் குறைத்து, நடப்போருக்கான அகலத்தைக் கூட்டினார்கள். அமர இருக்கைகளும் குழந்தைகள் விளையாடச் சாதனங்களும் வைத்தார்கள். பல அடுக்கு வாகன நிறுத்தமும் அமைந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நடப்பவர்தான் கடைக்குள் எட்டிப் பார்க்கிறார். காரில் விரைபவர் பெயர்ப்பலகையைக்கூடப் படிப்பதில்லை.

ஆயினும் நமது நிபந்தனைகளையும் வற்புறுத்த வேண்டும். சரக்கு லாரி வந்து இறக்கிப் போகக் காலையில் குறித்த நேரம் ஒதுக்க வேண்டும். வாகன நிறுத்தத்தை முதலில் முடித்துவிட்டே தெருவை மூட வேண்டும். வேலையைப் பண்டிகைக் காலத்தில் தொடங்கக் கூடாது. தரைக்கடைக்காரர்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி இடம் ஒதுக்க வேண்டும். அவர்களை விரட்டிவிட்டு அழகு பார்க்கக் கூடாது. துப்புரவுக்கும் பழுது நீக்கவும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். உடைந்த ஊஞ்சல் ஊஞ்சல் இல்லாததைவிட ஆபத்து.

நம் பங்கு

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்து போகும் தனியார் வணிகக் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே கொள்கிறது. அணுகல் வசதிக்குக் கட்டாய விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நோட்டீஸ் வந்த பிறகு இடிப்பதைவிட, இப்போதே நாமாகச் சரிசெய்வது செலவும் குறைவு, கௌரவமும் கூட. நடைபாதையை விழுங்கியபடி நீண்டிருக்கும் கடைப்படிகளும், வெளியே அடுக்கிய மூட்டைகளும் உள்ளே போகட்டும். முற்றம் எவ்வளவு அழகாக அமைந்தாலும், கடை வாசலில் வழி அடைபட்டால் பயன் இல்லை.

பொதுக் காரியத்துக்குக் கொடுப்பது வணிகர்களுக்குப் புதிதல்ல. தென் மாவட்ட வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துக் கிணறு வெட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். 1889-இல் தொடங்கிய விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் சேர்த்த பிடி அரிசியில் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. நகராட்சி முற்றத்தைக் கட்டட்டும். அதில் ஓர் ஊஞ்சலையோ ஒரு கல்மேசையையோ நம் சங்கங்கள் மகமையிலிருந்து அமைத்துப் பராமரிக்கலாம்.

உங்கள் ஊரில் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, சங்க நிர்வாகிகள் தங்களுடன் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும், பார்வையற்ற ஒருவரையும், கைக்குழந்தையுள்ள தாய் ஒருவரையும் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரைபடத்தை முதலில் அவர்கள் பார்க்கட்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு நாம் கையெழுத்திடுவோம்.