ஒரே போல்ட்டுக்கு ரெண்டு அளவா?

ஒரகடம் அருகே உள்ள வடக்குப்பட்டில் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. இன்று அதே வட்டாரத்தில் ஒரகடம், வல்லம் சிப்காட் என்று எங்கு பார்த்தாலும் ஆலைகள். அவற்றுக்கு ஃபிக்ஸ்சர், டை வரைந்து கொடுக்கும் டிசைன் ஆபீஸ்களில் டிப்ளமோ முடித்த நம் வீட்டுப் பிள்ளைகள் ஆட்டோகேட் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போல்ட், நட், டைட்டில் பிளாக் இதையெல்லாம் யாரும் தினமும் புதிதாக வரைவதில்லை. ஒரு முறை வரைந்து ‘பிளாக்’ ஆக சேமித்துவிட்டு, வேண்டிய இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கோலத்துக்கு அச்சு மாதிரி. ஆனால் ஆளாளுக்கு ஓர் அச்சு வைத்துக்கொண்டால்?

எம்12 போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டின் 931 தரத்தில் அதன் தலைக்கு 19 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 4014 தரத்தில் 18 மி.மீ. போதும். டிசைனர் 18-ஐ நம்பி இடம் விட்டிருப்பார். ஸ்டோரிலிருந்து 19 வரும். ஸ்பேனர் உள்ளே நுழையாது. ஒரு மில்லிமீட்டருக்காக, முடிந்த பாகம் மறுபடி மெஷினுக்குப் போகும். திட்டு விழுவது பெரும்பாலும் டீமிலேயே இளைய ஆளுக்கு!

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

* எல்லா பிளாக்கும் சர்வரில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். ஒருவருக்கு இசட் டிரைவ், இன்னொருவருக்கு ஒய் டிரைவ் என்று இல்லாமல், எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே முகவரி கொடுங்கள். டூல் பேலட்டும் வழி தவறாது.

* பார்க்க எல்லோருக்கும் அனுமதி. திருத்த ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும்.

* ‘0’ லேயரில், மி.மீ. அளவில் வரையுங்கள். 0 லேயரில் வரைந்த பிளாக், வைக்கிற லேயரின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். யூனிட்டை இன்ச் என்று தவறாகக் குறித்துவிட்டால், மி.மீ. டிராயிங்கில் 25.4 மடங்கு பெரிதாகி வந்து நிற்கும்.

* ‘போல்ட்1’, ‘புதுசு’ என்று பெயர் வைக்காதீர்கள். தரம், அளவு, திருத்த எண் மூன்றும் பெயரிலேயே தெரியட்டும். டிசைன் சென்டரிலிருந்து இழுத்துப் போடும்போது, அதே பெயரில் பழைய பிளாக் டிராயிங்கில் ஏற்கெனவே இருந்தால் பழையதுதான் நிற்கும். புதியது வந்துவிட்டதாக நினைத்து ஏமாந்துவிடுவோம்.

* சர்வரில் பிளாக்கைத் திருத்தினால், ஏற்கெனவே முடித்த டிராயிங்குகள் தானாக மாறாது. எக்ஸ்ரெஃப் ஆக இணைத்தவை மட்டுமே திறக்கும்போது புதுப்பிக்கப்படும். அதனால் எதைத் திருத்தினாலும், அன்றே டீம் முழுக்கச் சொல்லிவிடுங்கள்.

இதற்குத் தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. ஓர் ஃபோல்டர், ஒரு பொறுப்பாளர், எல்லோரும் மதிக்கும் ஒரு பழக்கம் போதும்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி, தங்கைகளே... முதல் நாளே சீனியரிடம் கேளுங்கள்: “அண்ணா, நம்ம பிளாக் லைப்ரரி எங்கே இருக்கு? அதை யார் பார்த்துக்கிறாங்க?” பதில் சட்டென்று வந்தால் நல்ல ஆபீஸ். வராவிட்டால், அந்த வேலையை எடுத்துச் செய்ய உங்களுக்கு ஒரு வாய்ப்பு!