பாட்டு வாத்தியார், பனிப்பொழிவு, கடைசியில் ஒரு முத்தம்

அமெரிக்காவில் அக்டோபர் மாதக் கடைசி வந்துவிட்டால் போதும், தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் வரிசைகட்டி வர ஆரம்பித்துவிடும். இதில் பெரிய கை ஹால்மார்க் சேனல். 2009-ல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்று பெயர் வைத்து இந்த வியாபாரத்தை முறையாகத் தொடங்கியது. 2019-ல் அந்த நிறுவனத்தின் இரண்டு சேனல்களிலும் சேர்த்து 40 புதுப்படங்கள் வந்தன. ஒரே சீசனில் நாற்பது!

கதை என்ன என்று கேட்கிறீர்களா? ஒன்றைப் பார்த்தால் முப்பத்தொன்பதைப் பார்த்த மாதிரி. பெரிய நகரத்தில் வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்த பெண் ஏதோ காரணத்தால் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். அங்கே கட்டம் போட்ட சட்டையில் ஒரு நல்லவன் இருக்கிறான். இருவரும் சேர்ந்து எதையோ காப்பாற்ற வேண்டும். அது பேக்கரியாக இருக்கலாம், விடுதியாக இருக்கலாம், மரம் விற்கும் தோட்டமாக இருக்கலாம். நடுவில் ஒரு முத்தம் நிகழப்போகும், யாராவது கதவைத் தட்டிக் கெடுப்பார்கள். கடைசிக் காட்சியில் பனி பெய்யும், முத்தமும் நடந்துவிடும். சுபம்.

இதில் ஒரு தனி உட்பிரிவே உண்டு. காப்பாற்ற வேண்டியது பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி. நல்லவன் பாட்டு வாத்தியார். அந்த வகைக்கு நல்ல உதாரணம் 2015 டிசம்பர் 19 அன்று ஹால்மார்க்கில் ஒளிபரப்பான 'எ கிறிஸ்துமஸ் மெலடி'. இயக்கியவர் யார் தெரியுமா? பாடகி மரையா கேரி. நடிக்கவும் செய்தார். லாஸ் ஏஞ்சலஸில் துணிக்கடை நடத்திய வடிவமைப்பாளர் (லேசி ஷபேர்) கடையை மூடிவிட்டு, சின்ன மகளுடன் ஒஹையோ மாநிலத்தில் உள்ள சில்வர் ஃபால்ஸ் என்ற கற்பனை ஊருக்குத் திரும்புகிறார். அங்கே பள்ளியில் பாட்டு வாத்தியார் (பிரென்னன் எலியட்). பழைய பள்ளிக்காலப் போட்டிக்காரி, இப்போது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவி (மரையா கேரியேதான்). புது ஊரில் ஒட்டாமல் தவிக்கும் மகள், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பாடுவதில் போய் முடிகிறது கதை.

விமர்சகர்களுக்கு இந்த மாதிரிப் படங்கள் என்றாலே இளக்காரம். அட்டைப்பெட்டிக் கதை, அட்டைப்பெட்டி நடிப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனமான விமர்சனம். இந்தப் படங்கள் சரக்கு தயாரிப்பாளரின் கணக்கோடு செய்யப்படுபவை, அந்தக் கணக்கை வைத்துத்தான் அவற்றை எடைபோட வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படம் சுமார் 85 நிமிடம்தான், மிச்சம் விளம்பரம். படப்பிடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பல படங்கள் கனடாவில், கொளுத்தும் கோடையில், செயற்கைப் பனியைத் தூவி, பாவம், கம்பளிக்கோட்டு மாட்டிக்கொண்டு எடுக்கப்படுபவை. ('எ கிறிஸ்துமஸ் மெலடி' விதிவிலக்கு, அது நிஜமாகவே ஒஹையோவில், சின்சினாட்டி நகரில் எடுக்கப்பட்டது.) எடுத்த படம் ஒரு வருடத்தோடு செத்துப்போவதில்லை, அடுத்த டிசம்பரிலும் அதற்கடுத்த டிசம்பரிலும் ஓடும். கணக்குப் பாடத்தில் சொல்வதுபோல, முதல் வருடத்திலேயே செலவை எழுதிவிட வேண்டியதில்லாத சொத்து அது. மரையா கேரியைவிட இதை யாரும் நன்றாக அறிந்திருக்க முடியாது. 1994-ல் வெளிவந்த அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது 2019-ல்! இருபத்தைந்து வருடம் கழித்து!

இந்தக் கணக்கில் பள்ளி மேடை அருமையாகப் பொருந்தும். ஒரு பெரிய கூடம், ஒரு பியானோ, தேவதை இறக்கை கட்டிய பத்து இருபது குழந்தைகள், செலவு அவ்வளவுதான். நிகழ்ச்சி நாள் என்று ஒன்று இருப்பதால் கதைக்குக் கெடு தானாகவே வந்துவிடுகிறது. தினமும் சாயங்காலம் ஒத்திகை என்பதால் ஹீரோவும் ஹீரோயினும் ஒரே அறையில் இருக்கக் காரணம் தேட வேண்டாம். பாட்டுகளை வாத்தியாரும் குழந்தையும் சேர்ந்து எழுதுவதாக வைத்துவிட்டால் உரிமத் தொகை பற்றிய பேச்சே இல்லை. நிஜப் பள்ளிகள் ஒரு பிரபலமான இசை நாடகத்தை மேடையேற்ற வேண்டுமானால், மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் போன்ற உரிம நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். குழந்தைகளுக்காக ஒரு மணி நேரமாகச் சுருக்கிய பதிப்புகளையும் அந்த நிறுவனம் விற்கிறது. அதற்கும் பணம்தான்.

இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. மலிவாக, சாமர்த்தியமாகச் செய்த பண்டம். மேடைக் காட்சி வரும்போது மனசு இளகவும் செய்கிறது. தொண்டை அடைத்துப்போய் நிற்கும் குழந்தை முதல் வரியைப் பாடிவிட்டால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகத்தில் வரும் அந்தக் கலக்கம் எந்த ஊரிலும் பொய் இல்லை. (அந்த ஒஹையோக் குழந்தையாக நடித்த ஃபீனா ஸ்ட்ராஸா ஏற்கெனவே ப்ராட்வேயில் 'மட்டில்டா' நாடகத்தில் நாயகியாகப் பாடியவர் என்பது வேறு விஷயம். சின்ன ஊர்க் கூச்சத்தை நடிக்கப் பெரிய ஊர் மேடை அனுபவம் தேவைப்படுகிறது!)

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பள்ளியில் பாட்டு எப்படி உயிரோடு இருக்கிறது என்ற விஷயத்தில் இந்தப் படங்கள் சொல்வது சுத்தமான கட்டுக்கதை.

முதலில் அந்தப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவியை எடுத்துக்கொள்ளுங்கள். அடங்காப்பிடாரி, அதிகாரம் செய்பவள், எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள். இதுதான் அவருக்குத் தரப்பட்ட வேடம். ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் நாடகத்துக்கு டிக்கெட் விற்பது யார்? கேக் சுட்டு விற்று உடைக்குப் பணம் சேர்ப்பது யார்? ஒத்திகைக்குக் காரில் குழந்தைகளை ஏற்றிவந்து இறக்குவது யார்? பெரும்பாலும் இந்த மாதிரி அம்மாக்கள்தான். 1897-ல் வாஷிங்டனில் இரண்டு பெண்கள் தாய்மார்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கம்தான் இன்றைய தேசியப் பெற்றோர் ஆசிரியர் கழகம். பட்டியலும் கையுமாகத் திரியும் பெண் இல்லையென்றால் அந்தக் கூடத்தில் நாற்காலிகூடப் போட்டிருக்காது. வேலை செய்பவளை வில்லியாக்கி, கிட்டாரைத் தட்டிக்கொண்டு சிரிப்பவனை ஹீரோவாக்குவது கொஞ்சம் அநியாயம்தான்.

அடுத்தது பணம். படத்தின் ஊர் ஒஹையோவில் இருக்கிறது என்பதால் ஒஹையோவையே பார்ப்போம், ஏனென்றால் பள்ளிக்கூடத்துப் பணக் கஷ்டத்துக்கு அதைவிட நல்ல உதாரண மாநிலம் கிடைக்காது. அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூரிலிருந்து, அதிலும் முக்கியமாகச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் பள்ளிக்கு வசதி, இல்லாத ஊரில் திண்டாட்டம். ஒஹையோ உச்ச நீதிமன்றம் 1997-ல், சொத்து வரியையே அளவுக்கு மீறி நம்பியிருக்கும் இந்த ஏற்பாடு மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. டிரால்ஃப் வழக்கு என்று பெயர். 2000-லும் 2002-லும் மறுபடி அதையே சொன்னது. மாநில அரசு ஒரு புதிய நிதிப் பங்கீட்டு முறையைச் சட்டமாக்கியது 2021-ல். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 24 வருடம். 1997-ல் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை 2021-ல் முப்பதைத் தொட்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1976-ல் ஒஹையோவில் ஒரு சட்டம் வந்தது. வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட வரியால் பள்ளிக்கு ஒரு தொகை வருகிறது என்றால், ஊரில் ஏற்கெனவே இருக்கும் வீடுகளின் மதிப்பு ஏறினாலும் அந்தத் தொகை கூடாதபடி வரிவிகிதத்தைக் குறைத்துவிட வேண்டும். வீட்டுக்காரருக்கு நல்லதுதான். பள்ளிக்கு? வாத்தியார் சம்பளம் ஏறும், பெட்ரோல் ஏறும், வரும் பணம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை பள்ளி மாவட்டம் கையேந்திக்கொண்டு வாக்காளர்களிடம் போக வேண்டும். கூடுதல் வரிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். தோற்றால் கணக்கையோ ஆங்கிலத்தையோ வெட்ட முடியாது, எனவே பேருந்து, விளையாட்டு, ஓவியம், பாட்டு என்று ஓரத்தில் இருப்பவைதான் பெரும்பாலும் வெட்டுப்படும்.

சில்வர் ஃபால்ஸ் மாதிரி ஒரு ஊரில் நிஜமாக என்ன நடக்கும்? கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமைத் தேர்தலில் அந்த வாக்கெடுப்பு நடந்திருக்கும். பாட்டு வாத்தியாரின் வேலை அங்கேயே தீர்மானமாகியிருக்கும். டிசம்பரில் எவ்வளவு அழகாகப் பாடினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. படமோ நவம்பரைத் தாண்டிக் குதித்து நேராக டிசம்பருக்கு வந்துவிடுகிறது.

படம் வந்த தேதியிலும் ஒரு தற்செயல் இருக்கிறது. 2002-ல் வந்த நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டம், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வருடா வருடம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்தது. தேர்வு எதிலோ அதற்குத்தான் நேரம் என்பது எந்த நாட்டுப் பள்ளிக்கும் பொருந்தும். பல பள்ளிகளில் பாட்டு வகுப்பின் நேரம் சுருங்கிவிட்டது என்ற புகார் அப்போது கிளம்பியது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில், முழுமையான கல்வியின் பாடங்களில் ஒன்றாக இசையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அதில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டது 2015 டிசம்பர் 10. படம் ஒளிபரப்பானது ஒன்பது நாள் கழித்து. நிஜப் பாட்டு வாத்தியார்களுக்கு அந்த மாதத்தின் நல்ல செய்தி எது என்று சொல்லத் தேவையில்லை.

"இதையெல்லாம் காதல் படத்தில் சொல்ல முடியுமா, யார் பார்ப்பார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். சொல்லியிருக்கிறார்களே! 1995-ல் வந்த 'மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓபஸ்' படத்தில் ரிச்சர்ட் டிரைஃபஸ் முப்பது வருடம் பாட்டு வாத்தியாராக இருக்கிறார். கடைசியில் பட்ஜெட் வெட்டில் இசைப் பாடத்தையே எடுத்துவிடுகிறார்கள். பழைய மாணவர்கள் கூடி அவருக்கு ஒரு கச்சேரி நடத்துகிறார்கள். அழாமல் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கச்சேரி வேலையைத் திருப்பித் தருவதில்லை. அவர் வீட்டுக்குத்தான் போகிறார். அந்தப் படத்துக்கு இசையமைத்த மைக்கேல் கேமன், படத்தின் பெயரிலேயே 1996-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பணமில்லாத பள்ளிகளுக்கு இசைக்கருவி கொடுப்பது அதன் வேலை. உண்மையைச் சொன்ன படத்திலிருந்து வயலினும் ட்ரம்பெட்டும் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அது தியேட்டர் படம், ஹால்மார்க் தன் சூத்திரத்தை மாற்றாது என்ற பதிலும் எடுபடாது. 2019 டிசம்பரில் இரண்டு மணப்பெண்கள் முத்தமிடும் ஒரு விளம்பரத்தை, ஒரு அமைப்பின் எதிர்ப்புக்குப் பயந்து ஹால்மார்க் சேனல் நிறுத்தியது. நிறுத்தியதற்கு அதைவிடப் பெரிய எதிர்ப்பு கிளம்பவே, சில நாளில் மன்னிப்புக் கேட்டது. 2022-ல் இரண்டு ஆண்களின் காதலையே மையமாக வைத்த கிறிஸ்துமஸ் படம் 'தி ஹாலிடே சிட்டர்' அதே சேனலில் வந்தது. மூன்றே வருடம். சூத்திரம் கல்லில் செதுக்கியது அல்ல, பார்க்கிறவர்கள் கேட்டால் வளையும்.

அந்த நிறுவனத்தின் பழைய கணக்கும் இதையே காட்டுகிறது. 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, 'ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம்' வரிசையின் முதல் நிகழ்ச்சியாக என்.பி.சி.யில் வந்தது காதல் படம் அல்ல. ஜான் கார்லோ மெனோட்டி எழுதிய 'அமால் அண்ட் த நைட் விசிட்டர்ஸ்' என்ற ஆபெரா. தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஆபெரா அதுதான். ஊன்றுகோலோடு நடக்கும் ஓர் ஏழைப் பையன், அவன் அம்மா, வழிப்போக்கர்களாக வரும் மூன்று ராஜாக்கள். அம்மா வறுமையில் ராஜாக்களின் தங்கத்தைத் திருடப் பார்ப்பாள். பணமில்லாத வீட்டில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்பதை அந்த வாழ்த்து அட்டை கம்பெனி 1951-லேயே மக்களுக்குக் காட்டியிருக்கிறது! பையன் வேடத்தில் பையன்தான் பாட வேண்டும், பெண் பாடகி கூடாது என்று மெனோட்டி நிபந்தனை வைத்தார். தொலைக்காட்சியிலிருந்து அது மேடைக்கு இறங்கி, சர்ச்சுகளிலும் பள்ளி கல்லூரிகளிலும் டிசம்பர்தோறும் பாடப்பட்டது.

இப்போது போக்குவரத்து எதிர்த்திசையில். பள்ளி மேடை தொலைக்காட்சிக்குள் போய்விட்டது, மேடையைத் தாங்கும் சுவர்கள் மட்டும் வெளியே நிற்கின்றன. டிஸ்னி சேனலின் 'ஹை ஸ்கூல் மியூசிகல்' (2006) நாயகி வனெசா ஹட்ஜன்ஸ்கூட 2018 முதல் நெட்ஃபிளிக்ஸின் கிறிஸ்துமஸ் காதல் படங்களில் இளவரசியாகிவிட்டார் :)

ஆகவே கேட்க வேண்டியது சின்ன விஷயம். முத்தம் இருக்கட்டும், பனி இருக்கட்டும், கட்டம் போட்ட சட்டையும் இருக்கட்டும். 85 நிமிடத்தில் ஒரு நான்கு நிமிடம் பள்ளி மாவட்டக் குழுவின் கூட்டத்தைக் காட்டினால் போதும். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக் சரியாக வேலை செய்யாத ஒரு அறை, மூன்று நிமிடம் மட்டும் பேச அனுமதிக்கப்பட்ட பாட்டு வாத்தியார், அவருக்குப் பின்வரிசையில் பட்டியலும் கையுமாக, முறைத்துக்கொண்டே ஆனால் அவருக்காக வந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெற்றோர் கழகத் தலைவி. ஹீரோயின் கணக்குத் தெரிந்த பெண், லாஸ் ஏஞ்சலஸில் கடை நடத்தியவள். அவளே பட்ஜெட் தாளை வாங்கிப் படிக்கட்டுமே.