உறவாடிக் கெடுத்த மீன்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், பாறைகளுக்கிடையே பாய்ந்தோடும் தெளிந்த ஆறுகளில் ‘குவாடலூப் பாஸ்’ என்றொரு மீன் உண்டு. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காண முடியாத இனம். உருவம் சிறிது; தூண்டிலில் சிக்கினால் துள்ளும் துள்ளலோ பெரிது!

தூண்டில் பிரியர்களை மகிழ்விக்க எண்ணி, 1974-ல் அந்த ஆறுகளில் ‘சிறுவாய் பாஸ்’ என்ற வேறு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். இது இன்னும் பெரிதாக வளரும். ஆனால், வந்த விருந்தாளி இரைக்கும் இடத்துக்கும் போட்டியிட்டதோடு நிற்கவில்லை; பூர்வீக மீனோடு கலந்து கலப்பினத்தைப் பெருக்கியது. அசல் எது, கலப்பு எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வதே கடினமாயிற்று. 1989-ல் மாநில மீன் என்ற பட்டம் பெற்ற இனம், சொந்த வீட்டிலேயே மறையத் தொடங்கியிருந்தது!

1992 முதல், பண்ணையில் வளர்த்த அசல் குஞ்சுகளை லட்சக்கணக்கில் விட்டுக் கலப்பினத்தின் பங்கைக் குறைத்து வருகிறார்கள். சில ஆறுகளில் பலனும் கிடைத்திருக்கிறது. ஆனால் சில ஆண்டுகளில் செய்த பிழையைத் திருத்தப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

மீன் பெருகினால் போதும் என்பது அவசர புத்தி. எந்த மீன் பெருகுகிறது என்று பார்ப்பதே அறிவு. ஆற்றில் விடுவது ஒரு நிமிட வேலை; விட்டதையெல்லாம் திரும்பப் பிடிக்க யாரால் ஆகும்?